ஹார்ன் இருக்கா சார்?

பழைய கிராமபோன் பெட்டி வாங்கி விற்கிறவர்கள் ரெண்டு பேர் சந்தித்தால் முதல் அஞ்சு நிமிஷம் ஸ்பிரிங், ஊசி என்று பேச்சு போகும். மீதி ரெண்டு மணி நேரமும் வாடிக்கையாளர் புராணம்தான். 'ஓடலைன்னு திருப்பி அனுப்பிட்டான்', 'பாதி விலைக்குக் கேக்கறான்', 'சத்தமே வரலைங்கறான்'... நானும் இந்தக் கூட்டத்தில் ஒருத்தன். வீட்டு மாடியில் ஒரு மேஜை, நாலு ஸ்க்ரூடிரைவர், ஒரு கிரீஸ் டப்பா. வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பெட்டியை ஓட வைத்து இணையத்தில் போட்டு விற்பேன். அதில் வருகிற காசைவிட வருகிற சண்டை ஜாஸ்தி.

இந்தச் சண்டைகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எழுதி எழுதிப் பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. என்னிடம் கத்துகிறவருடைய கோபம் பெரும்பாலும் நியூஜெர்சியிலோ லண்டனிலோ நூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கம்பெனி எடுத்த முடிவின் மேல். அந்த முதலாளிகள் எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு. கையில் இருப்பது என் செல்போன் நம்பர்தான், அதனால என்னைக் கூப்பிடறாங்க :-)

ஆகவே மக்களே, இது புலம்பல் பதிவு கிடையாது (கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்குங்க). கிராமபோன் வாடிக்கையாளரோட சரித்திரம்.

ஆரம்பமே தகராறுதான். 1877ல் எடிசன் கண்டுபிடித்த மெஷினில் தகரத் தாள் சுத்தின உருளை ஒன்று இருக்கும். பேசினால் அந்தத் தாளில் பள்ளம் விழும், திருப்பி ஓட்டினால் பேச்சு கேட்கும். 1878ல் கம்பெனி ஆரம்பித்து ஊர் ஊராகக் காட்சி நடத்தினார்கள். ஜனம் வாயைப் பிளந்து கேட்டது. ஆனால் நாலைந்து தடவை ஓட்டினால் தாள் கிழிந்துவிடும். 'வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் கேக்கலாமா?' என்று கேட்டவருக்குச் சொல்ல அவர்களிடம் பதில் இல்லை. கொஞ்ச நாளில் மவுசு போய்விட்டது. எடிசனும் மின்விளக்குப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த ரவுண்டு 1888. ஜெஸ்ஸி லிப்பின்காட் என்கிற பணக்காரர் வட அமெரிக்க போனோகிராப் கம்பெனியை ஆரம்பித்தார். மெஷினை விற்க மாட்டார்கள், வருஷத்துக்கு 40 டாலர் வாடகை. ஊருக்கு ஊர் ஏஜென்சி மாதிரி முப்பதுக்கும் மேற்பட்ட உள்ளூர் கம்பெனிகள். யாருக்கு வாடகைக்கு? ஆபீஸ்களுக்கு. மேனேஜர் கடிதத்தை மெஷினில் பேசி வைப்பார், டைப்பிஸ்ட் அதைக் கேட்டு அடிப்பார். பாட்டு என்கிற நினைப்பே யாருக்கும் பெரிசாக இல்லை.

பாட்டரியில் ஓடுகிற மெஷின் அது. திராவகம் ஊற்றின பாட்டரி, அதைப் பராமரிப்பது தனி வேலை. போட்டியாக இருந்த கிராபோபோனோ தையல் மெஷின் மாதிரி காலால் மிதித்து ஓட்டுவது. ஒன்றின் உருளை இன்னொன்றில் ஏறாது, அளவே வேற. சுருக்கெழுத்துக்காரர்களுக்கோ இது தங்கள் வேலைக்கு வைக்கிற உலை என்று பயம். மெஷின் பழுதானால் அவர்கள் ஏன் வருத்தப்படப் போகிறார்கள்? 1890 மே மாதம் இந்த உள்ளூர் கம்பெனிக்காரர்கள் சிகாகோவில் கூடி மாநாடே போட்டார்கள். பேசினதை அச்சிட்டும் வைத்திருக்கிறார்கள். நம்ம ஆட்கள் டீக்கடையில் புலம்புவதைக் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு புலம்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுக்கு நடுவில் 1889 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் லூயிஸ் கிளாஸ் என்பவர் ஒரு வேலை செய்தார். ஒரு மதுக்கடையில் மெஷினை வைத்து, காதில் வைக்கிற குழாய் நாலு மாட்டி, ஒவ்வொரு குழாய்க்கும் 5 சென்ட் காசு போட்டால்தான் பாட்டு என்று ஏற்பாடு. காசு கொட்டியது. எடிசனுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. அலுவலகத்துக்குச் செய்த மெஷினைப் பொம்மையாக்குகிறார்களே என்று. ஆனால் ஆபீஸ் வியாபாரம் படுத்து, 1894ல் கம்பெனி திவாலானது. ஜனத்துக்கு வேண்டியது பாட்டு என்று அவர்களுக்கு உறைக்க ஆறு வருஷம் ஆனது.

இனி என் நோட்டுக்கு வருகிறேன். முதல் வகைச் சண்டை: 'நீங்க குடுத்த மெஷின்ல என் ரெக்கார்டு ஓடலை.'

இது 1908ல் போட்ட முடிச்சு. அதுவரை எடிசன் உருளைகளில் அங்குலத்துக்கு 100 வரி, ரெண்டு நிமிஷம் பாடும். தட்டுக்காரர்கள் அதிக நேரம் பாட ஆரம்பித்ததும் எடிசன் கம்பெனி 'ஆம்பரால்' என்று நாலு நிமிஷ உருளை கொண்டுவந்தது. அங்குலத்துக்கு 200 வரி. பார்வைக்குப் பழசும் புதுசும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சைஸ். ஆனால் பழைய மெஷினில் புது உருளை பாட வேண்டுமென்றால் பல்சக்கரமும் மாற்ற வேண்டும், ஊசி முனையும் மாற்ற வேண்டும். அதுக்குத் தனியாக ஒரு செட் விற்றார்கள். பிறகு 1912ல் நீல ஆம்பரால், செல்லுலாய்டு மேல்தோல், உள்ளே பிளாஸ்டர். அதுக்கு வைர முனை. அந்த வைர முனையை மறந்துபோய் பழைய மெழுகு உருளையில் வைத்தால் உழுது தள்ளிவிடும். போதாக்குறைக்கு அந்த பிளாஸ்டர் ஈரத்தில் உப்பும். உப்பின உருளை மெஷினில் ஏறாது. கையால் அழுத்தி ஏற்றினால் 'டக்'. அடுத்தது விற்றவருக்கு போன்.

இந்தியாவில் உருளை மெஷின் அபூர்வம். என் கைக்கு வந்தது ரெண்டே ரெண்டு. ஆனால் வெளிநாட்டில் விற்கிறவர்களுக்கு இதுதான் தினசரித் தலைவலி. அவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. பணம் வாங்குவதற்கு முன்னால் 'உங்ககிட்ட என்ன ரெக்கார்டு இருக்கு, ஒரு போட்டோ அனுப்புங்க' என்று கேட்டுவிடுவது. இந்த ஒரு கேள்வியில் பாதிச் சண்டை வராமலே போகும். சில சமயம் விற்பனையும் வராமல் போகும். பரவாயில்லை.

தட்டு விஷயம் இன்னும் குழப்பம். பெர்லினர் வழி வந்த விக்டர், கிராமபோன் கம்பெனி தட்டுகளில் ஊசி பக்கவாட்டில் ஆடும். எடிசன் 1912ல் தட்டு போட வந்தபோது மேலும் கீழும் ஆடுகிற முறையையே வைத்துக்கொண்டார். கால் அங்குலக் கனத்தில் ஒரு தட்டு, வைர முனை, நிமிஷத்துக்கு 80 சுற்று. அவர் மெஷினில் மத்தவர் தட்டு பாடாது, மத்தவர் மெஷினில் அவர் தட்டு பாடாது. வேணும் என்றே செய்த ஏற்பாடு. பிரான்ஸின் பாத்தே கம்பெனியும் மேலும் கீழும்தான், ஆனால் நீலக்கல் உருண்டை முனை. அவர்களுடைய ஆரம்ப காலத் தட்டுகள் நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகும்! இதை முதல்முறை பார்க்கிறவர் மெஷின் பேய் பிடித்து ஓடுகிறது என்றுதான் நினைப்பார்.

எடிசன் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். மனுஷருக்குக் காது சரியாகக் கேட்காது. பெட்டியின் மரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு அதிர்வில் பாட்டு கேட்பாராம். பல் பதிந்த மெஷின் இன்றைக்கும் இருக்கிறது. அப்படிப்பட்டவர் எந்தப் பாடகர் தேவலை என்று தானே முடிவு செய்தார். அவருடைய கம்பெனி 1915லிருந்து பத்து வருஷம் ஊர் ஊராக ஒரு வித்தை காட்டியது. மேடையில் பாடகி, பக்கத்தில் மெஷின். விளக்கை அணைத்துவிடுவார்கள். பாடுவது ஆளா மெஷினா, கண்டுபிடியுங்கள் பார்ப்போம்! அன்னா கேஸ் மாதிரி பெரிய பாடகிகள் எல்லாம் இதில் பாடியிருக்கிறார்கள். ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று ஜனம் வீட்டுக்குப் போனது.

எதுக்கு இதைச் சொல்கிறேன் என்றால், என் நோட்டில் ரெண்டாவது பெரிய சண்டை 'கரகரன்னு கேக்குது சார்'. 1925 வாக்கில்தான் ஒலிப்பதிவுக்கு மைக் வந்தது. அதுக்கு முன்னால் பாடுகிறவர் ஒரு புனலுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும். அந்தத் தட்டு எந்த மெஷினில் ஓடினாலும் அப்படித்தான் கேட்கும். விக்கிறவன் வித்தை காட்டி எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டால் வாங்கினவர் ஏமாற்றத்தோடுதான் வருவார், 1915லும் சரி, இப்போதும் சரி. அதனால் நான் விளம்பரத்தில் போடுகிற வீடியோவில் முழுப் பக்கம், மூன்றரை நிமிஷம், கரகரப்போடு அப்படியே ஓடவிடுவேன். பின்னால் எங்க வீட்டு குக்கர் விசில்கூட கேட்கும்.

'பாட்டு கீச்சுன்னு கேக்குது' என்பது இதுக்குத் தங்கச்சி. கேள்விப்பட்டிருப்பீர்கள், 1902ல் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தா வந்து கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிந்தார். பதிவுகள் ஜெர்மனியில் ஹானோவர் போய்த் தட்டாகித் திரும்பி வந்தன. 1908ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. அந்தக் காலத்தில் 78 சுற்று என்று சட்டமெல்லாம் கிடையாது. எழுபதும் இருக்கும், எண்பதும் இருக்கும், பதிந்தவர் வைத்ததுதான் வேகம். மின்சார மோட்டார் கணக்கில்தான் பிறகு 78 என்று நிலைத்தது. பெட்டியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருப்பது அதுக்குத்தான். ஒரு பெரியவருக்கு போனிலேயே அந்தத் திருகைக் காட்டிக்கொடுத்தேன். அரை சுற்று திருப்பினார், கீச்சுக் குரல் இறங்கி ஆம்பளைக் குரல் ஆனது. 'அடடே, இது பாகவதர்!' என்றார். அதுவரை யாரோ பொம்பளை பாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தாராம். (எம்.கே.டி. குரலுக்கு இந்தக் குழப்பம் வருவதில் கொஞ்சம் நியாயம் இருக்கு.)

அடுத்தது வால்யூம். 'சத்தம் குறைக்கிற பட்டன் எங்க?' பட்டன் கிடையாதுங்க, ஊசிதான் பட்டன். தடியான ஊசி போட்டால் பெருஞ்சத்தம், மெல்லிசு போட்டால் சின்னச் சத்தம். ஊசி டப்பாவிலேயே அந்த வகை போட்டிருக்கும். இன்னொன்று, எஃகு ஊசி ஒரு பக்கம் பாடினால் அதோட ஆயுசு முடிந்தது. அரக்குத் தட்டில் கல்தூள் மாதிரி சமாச்சாரம் கலந்திருப்பார்கள். அது ஊசியைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்கு ஏற்ற மாதிரி ஆக்கிக்கொள்ளும். அதே ஊசியை அடுத்த தட்டில் வைத்தால், அது உளி. இதைச் சொன்னால் 'ஊசி விக்கிறதுக்காகச் சொல்றீங்க' என்பார்கள். 100 ஊசி கொண்ட பாக்கெட்டை இலவசமாகவே பெட்டியோடு வைத்து அனுப்ப ஆரம்பித்தேன். அதுக்கப்புறம்தான் நம்பினார்கள்.

எனக்குத் தூக்கம் போன கேஸ் ஒன்று இதில் உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்து வாடிக்கையாளர். பெட்டி போய்ச் சேர்ந்தது, சந்தோஷமாகப் பேசினார், பேச்சோடு பேச்சாக 'அப்பாவோட எக்கோ ரெக்கார்டெல்லாம் எடுத்து வச்சிருக்கேன், எல்லாம் இளையராஜா, சாயங்காலம் போடணும்' என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. 33 சுற்று எல்.பி. தட்டு 1948ல் வந்த வேறு சாதி. மெல்லிய பள்ளம், வினைல். அதுக்கான ஊசி ரெண்டு மூணு கிராம்தான் அழுத்தும். சாவி கொடுக்கிற பெட்டியின் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல். ஒரு தடவை வைத்தால் போதும், ராஜா சார் காலி. வைக்காதீங்க என்று சொன்னதுக்கு அவருக்கு வந்ததே கோபம்! 'ரெக்கார்டு ப்ளேயர்னுதானே வித்தீங்க, ரெக்கார்டு போடக்கூடாதுன்னா எதுக்கு?' பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். போக வர லாரி வாடகையும் என் தலையில். அந்தத் தட்டுகள் தப்பித்தன. அதுக்கு அந்த வாடகை சரியான விலை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பேரம் பற்றி ஒரு பாரா. நம்ம ஊரில் பேரம் பேசாமல் வாங்கினால் வாங்கினவருக்கே திருப்தி இருக்காது. மூர் மார்க்கெட்டில் பழைய தட்டு வாங்கினவர்களைக் கேட்டால் (அந்தக் கட்டடம் 1985 தீயில் போய்விட்டது) முதல் விலை சொன்னதும் ரெண்டடி நடக்க வேண்டும் என்பார்கள். ஆனால் கிராமபோன் விற்ற அமெரிக்கக் கடைக்காரர் அந்தக் காலத்தில் அஞ்சு சென்ட்கூடக் குறைக்க முடியாது. எடிசன் மெஷின்களில் ஒரு தகடு அடித்திருக்கும், குறித்த விலைக்குக் கீழே விற்றால் உரிமம் செல்லாது என்று. விக்டர் ஒரு படி மேலே போனது. மெஷினை விற்கவே இல்லையாம், பயன்படுத்த உரிமம் மட்டும் தருகிறதாம்! நியூயார்க்கின் மேசீஸ் கடைக்காரர்கள் விலையைக் குறைத்து விற்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1917ல் விக்டர் தோற்றது. காசு வாங்கிப் பொருளைக் கொடுத்தாச்சு, அப்புறம் என்ன உரிமம் என்று கேட்டுவிட்டார்கள் நீதிபதிகள். இன்றைக்கு மென்பொருள் வாங்கும்போது 'சம்மதம்' என்று ஒரு பட்டனை அமுக்குகிறோமே, அதோட பாட்டன் இந்தத் தகடு.

இணையத்தில் ஒரு காலத்தில் வாங்குபவர், விற்பவர் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மார்க் போடலாம். 2008ல் ஈபே அதை மாற்றியது. விற்கிறவர் வாங்கினவருக்குக் கெட்ட மார்க் போடவே முடியாது என்று ஆனது. விற்கிறவர்கள் பழிவாங்குவார்கள் என்கிற பயத்தில் வாங்குபவர்கள் உண்மையைச் சொல்வதில்லை என்பது அவர்கள் தரப்பு. அதில் நியாயம் இருக்கு. ஆனால் நொறுங்கின சவுண்ட் பாக்ஸோடு நிற்கிறவனுக்கு அந்த நியாயம் ருசிக்காது. சவுண்ட் பாக்ஸ் நொறுங்குவதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1920களில் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து அந்தப் பாகங்களைச் செய்தார்கள். கலவையில் ஈயம் மாதிரி அழுக்கு கொஞ்சம் கலந்திருந்தால் உள்ளுக்குள்ளேயே மெல்ல உப்பி வெடிக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும், தொட்டால் பிஸ்கட். கூரியர்காரர் பார்சலை ஒரு தடவை தொப்பென்று போட்டால் போதும். அனுப்புவதற்கு முன்னால் ஸ்பிரிங்கின் முறுக்கு முழுக்க இறங்கும்வரை ஓடவிடுவது, சவுண்ட் பாக்ஸைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைப்பது, பெட்டிக்குள் பெட்டி, ஒவ்வொன்றையும் போட்டோ எடுப்பது, எல்லாம் அடிபட்டுக் கற்றுக்கொள்கிற சங்கதி.

சரி, தலைப்புக்கு வருவோம். ஹார்ன்.

எந்தப் பெட்டியைப் போட்டாலும் முதல் கேள்வி, 'ஹார்ன் இருக்கா சார்?' சினிமாவில் பார்த்த மாதிரி, பூ விரிந்த மாதிரி, பித்தளையில், தகதகவென்று. இல்லை என்றால் 'அப்ப அது கிராமபோனே இல்லையே' என்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நூறு வருஷத்துக்கு முன்னால் வாடிக்கையாளர் இதுக்கு நேர் எதிர். அந்தப் பெரிய ஹார்ன் கூடத்தை அடைக்கிறது, தூசி சேருகிறது, பார்க்க நன்றாக இல்லை என்று குறை. அதனால்தான் 1906ல் விக்டர் கம்பெனி ஹார்னை மடித்து மரப்பெட்டிக்குள் ஒளித்துவைத்து 'விக்ட்ரோலா' என்று விட்டது. 200 டாலர் விலை, அந்தக் காலத்தில் பெரிய காசு. அப்படியும் பிய்த்துக்கொண்டு போனது. வெளியே ஹார்ன் வைத்த மெஷின் கொஞ்சம் கொஞ்சமாக ஏழைப்பட்டதாகிவிட்டது. இந்தியாவுக்கு வந்து குவிந்ததில் பெரும்பங்கு அதுக்கப்புறம் வந்த கையில் தூக்குகிற பெட்டிகள். 1931ல் வந்த எச்.எம்.வி. 102 அதில் ராஜா. சூட்கேஸ் மாதிரி மூடி எடுத்துக்கொண்டு போகலாம். கல்யாண வீட்டில் பாடினது, ஏவி. மெய்யப்ப செட்டியார் சினிமா எடுக்க வருவதற்கு முன்னால் தன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் விற்ற தட்டுகளைச் சுற்றினது எல்லாம் இந்த மாதிரிப் பெட்டிகள்தான்.

இப்போது ஹார்ன் கேட்கிற கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. கேட்டால் செய்து கொடுக்க ஆள் வராமலா இருப்பார்கள்? 102 மாதிரி ஒரு பெட்டியைப் பிரிப்பார்கள். மோட்டாரையும் கையையும் சவுண்ட் பாக்ஸையும் உருவுவார்கள். புதுசாக ஒரு சதுரப் பெட்டியோ எட்டுமூலைப் பெட்டியோ அடித்து, பழசாகத் தெரிய பாலீஷ் போட்டு, மேலே மெல்லிய பித்தளையில் ஒரு ஹார்ன், முன்னால் நாய்ப்படத் தகடு. கிராமபோன் ரெடி, வருஷம் 1905! இந்தியாவில் ஒட்டுப்போட்ட இந்தப் பெட்டிகளுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஒரு கெட்ட வார்த்தைப் பெயரே வைத்திருக்கிறார்கள். எழுதினால் நாறும், விடுங்கள்.

பித்தளை ஹார்ன் என்றாலே போலி என்று சொல்லிவிட முடியாது. ஆரம்பகால மெஷின்கள் சிலவற்றில் நிஜமாகவே சின்னப் பித்தளை ஹார்ன் இருந்தது. பார்க்க வேண்டியது பெட்டியை. பின்பக்கம் ஹார்னைத் தாங்குகிற இரும்பு பெட்டியோடு உறுதியாக நிற்கிறதா, கோணிக்கொண்டு ஆடுகிறதா? கைப்பிடி சாய்வாக வருகிறதா? கையில் தூக்குகிற பெட்டிக்குச் செய்த மோட்டாரில்தான் அப்படி வரும். நாய்த் தகடு இருந்துகொண்டே '1900' என்று விளம்பரம் சொல்கிறதா? லண்டன் கம்பெனி தட்டுகளின் லேபிளில் நாயைப் போட ஆரம்பித்ததே 1909ல், அதுவரை எழுதுகிற தேவதை படம்தான். அந்த நாய் ஓவியத்துக்கே ஒரு மாற்று வேலை நடந்திருக்கு தெரியுமா? பிரான்சிஸ் பாராட் முதலில் வரைந்தது உருளை மெஷின் முன்னால் நாய். 1899ல் கிராமபோன் கம்பெனி, எங்க மெஷினை வரைந்தால் வாங்கிக்கிறோம் என்றது. மேலேயே தட்டு மெஷினை வரைந்து 100 பவுண்டுக்கு விற்றார். பக்கவாட்டில் பார்த்தால் அடியில் இருக்கிற பழைய மெஷின் இன்னும் தெரியும்.

எனக்கு மனசு ஆறாதது வேறு. ஒவ்வொரு பித்தளை ஹார்ன் பெட்டிக்கும் பின்னால் பிரித்துப் போட்ட ஒரு நிஜப் பெட்டி இருக்கிறது. வயிறு காலியான 102 கூடு இப்போது என் மாடியில் மட்டும் ஆறு கிடக்கு. மோட்டார் கிடைத்தால் திரும்பப் பாடும். மோட்டார்தான் கிடைப்பதில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வருகிற தகராறு தனி. நம் நாட்டில் 1972ல் போட்ட பழம்பொருள் சட்டப்படி, பழைய காலத்துக் கலை, அறிவியல், கைவினை இதையெல்லாம் காட்டுகிற பொருள் நூறு வருஷத்துக்குக் குறையாதது என்றால் அது தொல்பொருள் கணக்கில் வரும். தனியார் யாரும் ஏற்றுமதி பண்ண முடியாது. மீறினால் ஆறு மாசத்திலிருந்து மூணு வருஷம் வரை உள்ளே, அபராதம் தனி. சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் வாங்க வேண்டும். ஆக, இங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் விளம்பரங்களில் '100 வருஷப் பழசு, கேரண்டி' என்று பார்த்தால் சிரிப்பு வரும். அது உண்மை என்றால் அனுப்பக் கூடாது. அனுப்பலாம் என்றால் அது உண்மை இல்லை. ஒருத்தர் என்னிடம் 1910 வாக்கில் வந்த ஒரு நல்ல மெஷினைக் கேட்டு, பார்சல் மேல 'அலங்காரப் பொருள், புதுசு'ன்னு எழுதிடுங்க, ரெண்டு மடங்கு தர்றேன் என்றார். மாட்டேன் என்றதும் நான் தொழில் தெரியாதவன் ஆகிவிட்டேன். மெஷின் இன்னும் இங்கேதான் இருக்கு. உள்ளூரில் அந்த விலைக்கு ஆள் வரவில்லை.

இதெல்லாம் கூடச் சமாளிக்கலாம். நோட்டில் நான் தனிப் பக்கம் கொடுத்து வைத்திருப்பது மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தருக்கு. அவர் வாங்க வரவில்லை, விற்க வந்தார். போட்டோ அனுப்பினார். எட்டுமூலைப் பெட்டி, பித்தளை ஹார்ன், நாய்த் தகடு. அவருடைய அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் ஒரு கண்காட்சியில் 18 ஆயிரத்துக்கு வாங்கினது. '1912 லண்டன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ரசீதும் இருக்கு. அப்பா காலமாகி ஒரு வருஷம். பொண்ணுக்குக் காலேஜ் சேர்க்கணும், பணம் தேவை. வாங்க ஒருத்தர் தயார், 60 ஆயிரம் தருகிறாராம். ஒரே நிபந்தனை, விவரம் தெரிந்த யாராவது 'ஒரிஜினல்'னு எழுதிக் கொடுக்கணும். 'நீங்க ரெண்டு வரி எழுதினாப் போதும் சார். உங்களுக்கு உண்டானதைக் குடுத்துடறேன்.'

ரெண்டு நாள் பதில் போடவில்லை. போட்டோவை மறுபடி மறுபடி பார்த்தேன், எங்கேயாவது ஒரு நிஜம் கிடைக்காதா என்று. பிறகு போன் பண்ணினேன். எழுதி அனுப்புகிற விஷயம் இல்லை இது.

சொன்னேன். பெட்டி புதுசு, ஹார்ன் புதுசு, உள்ளே இருக்கிற மோட்டார் மட்டும் பழசு, 1930களோ 40களோ இருக்கும் என்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், 'எங்கப்பா ஏமாந்துட்டார்னு சொல்றீங்க.' நான் ஏமாத்தினவரைச் சொல்றேங்க என்றேன். 'உங்களை மாதிரி ஆளுங்க இப்படிச் சொல்லி விலையைக் குறைச்சு அள்ளிட்டுப் போகத்தான் பாப்பீங்க' என்றார். நான் வாங்கிக்கிறதா இல்லைங்க என்று சொல்வதற்குள் கட் ஆகிவிட்டது. ராத்திரி நீளமாக ஒரு மெசேஜ். திரும்ப எழுதுகிற மாதிரி அதில் ஒரு வரி கிடையாது.

நான் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷ ஃபீஸ் வந்திருக்கும். 60 ஆயிரம் கொடுத்தவர் நாளைக்கு இதே போட்டோவை இன்னொருத்தரிடம் காட்டி, இன்னொரு போன் வரும். ரெண்டையும் ரொம்ப நாள் தராசில் வைத்துப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் கையெழுத்து போட்டிருக்க முடியாது என்றுதான் வந்தது. அதுக்காகப் பொண்ணு ஃபீஸ் மறந்துபோய்விடவும் இல்லை.

எட்டு மாசம் கழித்து அதே நம்பரிலிருந்து போன். விற்கவில்லையாம். பொண்ணு சேர்ந்துவிட்டது, கடன் வாங்கிச் சேர்த்தோம் என்றார். பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

'சார், ஊசி தீர்ந்துபோச்சு. ரெண்டு பாக்கெட் அனுப்ப முடியுமா?'

தடி ஊசியா, மெல்லிசா என்று கேட்டேன்.

'மெல்லிசே போதும் சார். அம்மா ராத்திரியிலதான் போடச் சொல்றாங்க.'